மூன்றாவதாகத் தூக்கிய கை

மாஃபியா என்பது, கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சிலரை மற்றவர்கள் கண்டுபிடிக்கும் ஆட்டம். இரவில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, மாஃபியா மட்டும் விழித்து ஒருவரைக் கொல்லும்; பகலில் எல்லோரும் பேசி, வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். மாஃபியா அனைவரும் வெளியேறினால் ஊருக்கு வெற்றி, மாஃபியாவும் ஊர்க்காரர்களும் சம எண்ணிக்கையானால் மாஃபியாவுக்கு வெற்றி. இந்த ஆட்டத்தில் முதல் நாள் யாரை வெளியேற்றுவது என்று கேட்டால், ஆடிப் பழகியவர்கள் பலரும் தயங்காமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பவரை வெளியேற்றுங்கள். பேசுகிறவர் எங்காவது முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லி மாட்டிக்கொள்வார், பேசாதவரைக் கடைசிவரை கணிக்க முடியாது, ஆகவே அவரை உள்ளே வைத்திருப்பது ஊருக்கு ஆபத்து என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. இருந்தாலும் இந்த நியாயம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டு ஆட்டங்களில் இது நடைமுறைக்கு வரும்போது, மாஃபியா யார் என்று தேடும் வேலை நின்றுபோய், யாரை வெளியேற்றினால் எவருக்கும் மனக்கசப்பு வராது என்று தேடும் வேலை தொடங்கிவிடுகிறது என்றே தோன்றியது.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் குடும்பம் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் உறவினர் வீட்டில் கூடுவது வழக்கம். கோடை விழா நடக்கும் வாரத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் எப்படி நகரும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஏரிப் பக்கமோ அண்ணா பூங்காப் பக்கமோ எட்டிப் பார்க்காமல், இருட்டியதும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து மாஃபியா ஆடுவோம். சீட்டுக்கட்டிலிருந்து எடுத்துக் குலுக்கிக் கொடுக்கும் சீட்டுகளில் ராஜா வந்த இருவர் மாஃபியா, ராணி வந்தவர் டாக்டர், ஏஸ் வந்தவர் போலீஸ், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். பகலில் வாக்களித்து வெளியேற்றப்படுகிறவருக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலையும் உண்டு. சேலத்திலிருந்து வாங்கி வந்த தட்டுவடைப் பொட்டலங்களைப் பிரித்து, இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்து, ஆட்டத்தில் மிச்சமிருப்பவர்களுக்கு அவர்தான் செட் போட்டுத் தர வேண்டும்.

என் தம்பி மனைவி ஆத்தூரிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வந்தவள். இயல்பிலேயே அதிகம் பேசாதவள். புதிதாக வந்த வீட்டில், மாமனார் முறையில் இருப்பவர்களை நோக்கி விரல் நீட்டி "நீங்கதான் மாஃபியா" என்று சொல்வது அவளுக்கு எவ்வளவு கடினம் என்பதையும் புரிந்துகொள்ள முடிகிறது. முதல் நாள் காலை விடிந்ததும் யாராவது ஒருவர் "புதுப்பொண்ணு ஒண்ணுமே பேசல, சந்தேகமா இருக்கு" என்பார். நடத்துகிறவர் "யாரெல்லாம்?" என்று கேட்பார். ஒரு கை உயரும், இன்னொரு கை உயரும், பிறகு கூடம் முழுக்கக் கைகள். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போவாள். அடுத்த ஆட்டத்திலும் அதுவே நடக்கும். விளையாட்டுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். விளையாட்டு முடிந்த பிறகும் அவள்தான் பாத்திரம் கழுவுகிறாள் என்பதால், எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

ஏகமனதான வாக்கு

இந்த ஆட்டத்தை 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி தவிதோவ் உருவாக்கினார் என்பதும், 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர்கள் ஒளிந்திருக்கும் கிராமமாக மாற்றியமைத்தார் என்பதும் ஆட்டக்காரர்கள் பலருக்குத் தெரிந்தவை. விவரம் தெரிந்த ஒரு சிறு கூட்டமும், விவரம் தெரியாத ஒரு பெரிய கூட்டமும் மோதிக்கொள்வதே இதன் அடிப்படை. நாம் சிறு வயதில் ஆடிய ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடனில், திருடனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு போலீஸ் சீட்டு வந்த ஒருவருக்கே உரியது. அவர் முகத்தைப் பார்ப்பார், ஊகிப்பார், சரியோ தவறோ அந்த ஒரு ஊகத்தோடு சுற்று முடிந்துவிடும். மாஃபியாவில் அந்தப் பொறுப்பு ஊர் முழுவதற்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தவறான வாக்கோடு ஆட்டம் முடிவதில்லை. இரவு வருகிறது, மறுபடி விடிகிறது, நேற்று யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக நடுவில் கிடக்கிறது. நடுவில் கிடக்கும் அந்தச் செய்திதான் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் ஒரே சொத்து. போலீஸுக்கு ஓர் இரவில் ஒருவரைப் பற்றித் தெரியவரும், டாக்டர் ஒருவரைக் காப்பாற்றலாம். மற்றவர்களுக்கு வாக்குகளைத் தவிர வேறு தடயம் எதுவும் கிடையாது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், பேசாதவரை எல்லோரும் சேர்ந்து வெளியேற்றுவது எவ்வளவு பெரிய விரயம் என்பது விளங்கும். முதல் நாள் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள், எட்டுக் கைகளும் ஒரே ஆளுக்கு எதிராக உயர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் சீட்டைத் திருப்பிக் காட்டுகிறார், ஊர்க்காரர். இப்போது நமக்கு என்ன தெரிந்தது? மாஃபியாவும் கை தூக்கினார்கள், ஊர்க்காரர்களும் கை தூக்கினார்கள். யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதே நாளில் இரண்டு பேர்மீது சந்தேகம் எழுந்து, ஐந்துக்கு நான்கு என்று வாக்குகள் பிரிந்திருந்தால், வெளியேறியவர் ஊர்க்காரர் என்று தெரிந்த அந்த நொடியே, அவருக்கு எதிராக வாக்களித்த ஐவரையும் அவரைக் காப்பாற்ற நின்ற நால்வரையும் தனித்தனியாக எடுத்து விசாரிக்க முடியும். மற்றொருவர் பின்னால் மாஃபியா என்று தெரியவந்தால், அவரைக் காப்பாற்றியவர்கள் யார் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கும். ஒருவரை இழப்பது தவிர்க்க முடியாதது என்றால், அந்த இழப்புக்கு ஈடாக ஏதாவது கிடைக்க வேண்டும். எதிர்ப்பே இல்லாத ஒரு வாக்கெடுப்பில் ஊர் ஓர் ஆளையும் இழக்கிறது, ஒரு நாளையும் இழக்கிறது.

மாஃபியாவுக்கு இதைவிட வசதியான முதல் நாள் அமையாது. பேசாத ஒருவர்மீது மற்றவர்கள் தாங்களாகவே பழி போடும்போது, அவர்கள் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தோடு கை தூக்கினால் போதும். எங்கள் வீட்டில் இன்னொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது. பெரியப்பாவுக்கு எதிராக யாரும் கை தூக்க மாட்டார்கள். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் ஏதாவது ஒரு காலத்தில் உதவியவர், அவர் முகத்துக்கு நேரே அதைச் செய்ய ஒருவருக்கும் மனம் வராது. ஒரு பக்கம் மரியாதையால் வாக்கு விழாத ஆள், இன்னொரு பக்கம் தயக்கத்தால் எல்லா வாக்கும் விழும் ஆள். இடையில் இருப்பவர்களுக்குள் மட்டுமே நடக்கும் ஆட்டத்தை வாக்கெடுப்பு என்று சொல்ல முடியாது.

கைகள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்வதுதான் இதற்கெல்லாம் வேர். முதல் கையைத் தூக்குகிறவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார். பின்னால் தூக்குகிறவர்கள் அந்த முடிவைப் படித்துவிட்டே தூக்குகிறார்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், உயிர்த் தண்டனைக்குரிய வழக்குகளில் நீதிபதிகள் கருத்துச் சொல்வது இளையவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் இளையவர் மாற்றிச் சொல்லத் துணிய மாட்டார் என்பது அதற்குக் காரணம். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அந்தக் கவலை அப்படியே பொருந்தும்.

நாட்காட்டித் தாள்கள்

இதை மாற்றியது என் மகள். கணிதம் படிக்கிறாள், ஊரடங்குக் காலத்தில் அமாங் அஸ் ஆடி வளர்ந்தவள். 2018-இல் வெளிவந்து 2020-இல் உலகம் முழுக்கப் பரவிய அந்தக் கைப்பேசி ஆட்டத்தில், ஒருவர் வாக்களித்துவிட்டார் என்பது மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும்; யாருக்கு என்பது எல்லோரும் வாக்களித்து முடித்த பிறகே திரையில் வரும். அதையே இங்கும் செய்யலாம் என்றாள். சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் கிழித்துக் கிளிப்பில் செருகி வைத்திருந்த பழைய தாள்களை எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, பின்பக்கம் ஒரு பெயரை எழுதி, மேலே தன் பெயரையும் எழுதி, அவள் மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டச் சொன்னாள். அதற்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், வாதாடலாம். காட்டிய தாள்களைக் கிழிக்காமல், நாள் வாரியாகப் பெஞ்சின்மேல் வரிசையாக அடுக்கி வைக்க வேண்டும்.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பத்துப் பேர் ஆடினோம். அக்கா வீட்டுக்காரர் நடத்தினார். முதல் இரவில் மாஃபியா கொன்றது என்னை. எங்கள் வீட்டில் செத்தவர்கள் இரவிலும் கண்ணைத் திறந்திருக்கலாம் என்பதால், பெரியப்பாவும் அக்கா மகனும்தான் மாஃபியா என்பது அடுத்த இரவிலிருந்து எனக்குத் தெரியும். ஆகவே நாட்காட்டித் தாள்கள் திரும்பும்போது எது உண்மை, எது நடிப்பு என்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் ஒன்பது தாள்கள். சித்தப்பாவுக்கு மூன்று, தம்பிக்கு இரண்டு, அத்தைக்கு இரண்டு, பெரியப்பாவுக்கு ஒன்று, தம்பி மனைவிக்கு ஒன்று. வழக்கமாகக் கூடம் முழுக்கக் கை உயரும் இடத்தில் அவளுக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. மற்றவர்கள் யாருமே அவளை உண்மையில் சந்தேகப்பட்டிருக்கவில்லை. இத்தனை காலமும் பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் தங்கள் கையையும் தூக்கியிருக்கிறார்கள். இன்னொரு புதுமை, பெரியப்பாவின் பெயர் எழுதிய தாள். அதை எழுதியவள் தம்பி மனைவி. பெரியப்பா அதைப் பார்த்து, "என்ன அம்மணி, மாமா மேலயே சந்தேகமா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள், பதில் சொல்லவில்லை. சித்தப்பா வெளியேறினார், அவர்தான் டாக்டர். அன்றிரவு போலீஸாக இருந்த அக்காவும் கொல்லப்பட்டாள்.

இரண்டாம் நாள் ஏழு தாள்கள். தம்பிக்கு மூன்று, பெரியப்பாவுக்கு இரண்டு, மீதி இரண்டும் ஆளுக்கொரு பெயர். தம்பி வெளியேறினான், அவன் ஊர்க்காரன். அப்போது என் மகள் இன்னொரு விதியைச் சேர்த்தாள்: தாள் திரும்பிய பிறகு ஒவ்வொருவரும் ஏன் அந்தப் பெயரை எழுதினோம் என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். வட்டம் சுற்றி வந்து தம்பி மனைவியிடம் நின்றது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. நீங்க ஊர்க்காரரா இருக்கறப்பல்லாம் நீங்கதான் மொதல்ல ஒரு பேரைச் சொல்லி, மொதல் கையையும் தூக்குவீங்க. மாஃபியாவா இருந்தா மட்டும் ரெண்டு பேர் தூக்கற வரைக்கும் காத்திருந்து, மூணாவதாத் தூக்குவீங்க. நேத்தும் சின்ன மாமா பேரை ரெண்டு பேர் சொன்னதுக்கப்புறந்தான் நீங்க சொன்னீங்க."

கூடத்தில் எல்லோரும் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. அவள் அதை எங்கிருந்து கண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் முதலில் வெளியேறி, தட்டுவடையில் சட்னி தடவிக்கொண்டே, சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து, யார் மாஃபியா என்று தெரிந்த கண்ணோடு ஒவ்வொரு கையும் எப்போது உயர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். உள்ளே உட்கார்ந்து வாதாடிய எங்களில் யாருக்கும் அந்தக் கணக்கு இல்லை. மூன்றாவது கை என்பதும் தற்செயலான இடமல்ல. முதல் கைக்குக் காரணம் கேட்பார்கள். இரண்டாவது கை முதல் ஆளின் கூட்டாளி என்று பேர் வாங்கும். கடைசிக் கை ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். மூன்றாவது கை உயரும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிந்துவிடும், பொறுப்போ இன்னும் யாருடையதோ. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் தன்னையறியாமல் போய்ச் சேரும் இடம் அது.

அன்றிரவு நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நடத்துகிறவர் மாஃபியாவை எழுப்பி யாரைக் கொல்வது என்று கேட்டதும், பெரியப்பாவின் விரல் நேராகத் தம்பி மனைவியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. விரலை மடக்கிக்கொண்டு சற்று யோசித்துவிட்டு, சித்தியைக் காட்டினார். அவளைக் கொன்றால், விடிந்ததும் அவள் சொன்னது உண்மை என்று ஊரே முடிவுகட்டிவிடும். கொல்லாமல் விட்டால், மாஃபியாவாக இருந்தால் இவளை விட்டு வைத்திருப்பாரா என்று வாதாட இடம் இருக்கும். வாக்குக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதி, பகலில் நடப்பதை மட்டுமல்லாமல் இரவில் நடப்பதையும் மாற்றிவிடுகிறது. சொல்லப்பட்ட காரணம், அதைச் சொன்னவரைக் காக்கிறது.

மூன்றாம் நாள் ஐந்து பேர்: பெரியப்பா, அக்கா மகன், தம்பி மனைவி, என் மகள், அத்தை. இரண்டு மாஃபியா, மூன்று ஊர்க்காரர்கள். இந்த ஆட்டத்தின் மிக ஆபத்தான எண்ணிக்கை இது. ஊர்க்காரர்கள் மூவரில் ஒருவர் பிசகினாலும், மாஃபியாவின் இரண்டு வாக்கோடு அந்த ஒரு வாக்கும் சேர்ந்து பெரும்பான்மை ஆகிவிடும். ஊர்க்காரர் ஒருவர் வெளியேறினால் அன்றிரவே ஆட்டம் முடிந்துவிடும். பெரியப்பா அழகாக வாதாடினார். தாள்கள் திரும்பின. நான்கு தாள்களில் பெரியப்பா பெயர். நான்காவது தாள் அக்கா மகனுடையது.

தன் கூட்டாளியைத் தானே காட்டிக்கொடுப்பது மாஃபியாவின் பழைய தந்திரம். பெரியப்பா எப்படியும் தப்பமாட்டார் என்று தெரிந்ததும், அவரோடு சேர்ந்து மூழ்காமல், அவருக்கு எதிராக எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொண்டான். இரவில் தம்பி மனைவியைக் கொன்றான். கடைசியில் மிஞ்சியவர்கள் அவன், என் மகள், அத்தை. மகள் பெஞ்சின்மேல் இருந்த தாள்களைக் காட்டி அத்தையிடம் மன்றாடினாள். முதல் இரண்டு நாளும் அவன் தாளில் பெரியப்பா பெயரே இல்லை, தம்பி மனைவி காரணம் சொன்ன பிறகு, இனிக் காப்பாற்ற வழியில்லை என்றான பிறகுதான் எழுதினான், அந்த வாக்குக்காக அவன் எதையும் இழக்கவில்லை, ஆகவே அதை அவனுக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றாள். மிகச் சரியான வாதம். அத்தையோ, பெரிய மாஃபியாவைப் பிடித்துக் கொடுத்த பிள்ளையை எப்படிச் சந்தேகப்படுவது என்று மகளின் பெயரை எழுதினார். ஊர் தோற்றது.

எங்கள் குடும்பத்தில் ஆடிய ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முதல் முறையாக, தோல்விக்கான காரணத்தைத் தாள் தாளாக எடுத்துக் காட்ட முடிந்தது. ஒரு வாக்கு யாருக்கு விழுந்தது என்பதைப் போலவே அது எப்போது விழுந்தது என்பதும் முக்கியம். முடிவு தெரியாத நேரத்தில் தனியாக விழுந்த ஒரு வாக்கு, முடிவு உறுதியான பிறகு கூட்டத்தோடு விழுந்த வாக்கைவிடப் பல மடங்கு நம்பத் தகுந்தது. முதல் நாள் பெரியப்பா பெயர் எழுதி விழுந்த அந்த ஒற்றைத் தாளை எல்லோரும் சிரித்துக் கடந்துவிட்டோம். பெஞ்சில் கிடந்த தாள்களிலேயே அதிகம் பேசியது அதுதான். தட்டுவடை போடும் வேலையை வெளியேறியவருக்குக் கொடுக்கும் விதியும் அன்றோடு எடுக்கப்பட்டது. இப்போது தோற்ற தரப்பு முழுவதும் சேர்ந்து செய்கிறது.

கணக்கு சொல்வது

யாரையும் வெளியேற்றாமல் நாளைக் கடத்துவது சரியா என்பதைப் பற்றியும் என் மகளோடு நிறையப் பேசியிருக்கிறேன். எனக்கு முன்பு அதில் ஒரு சாய்வு உண்டு: சந்தேகத்தின் பேரில் ஒருவரை அனுப்புவதைவிடக் காத்திருப்பது நியாயம். அவள் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். எந்தத் தடயமும் இல்லை, ஒரே ஒரு மாஃபியா மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், மூன்று பேர் இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை வெளியேற்றினாலும் ஊர் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. நான்கு பேர் இருக்கும்போது வெளியேற்றினால் நான்கில் ஒன்று. தவறினால் அன்றிரவே ஊர் தோற்றுவிடும். அதே நால்வரும் யாரையும் வெளியேற்றாமல் விட்டால், இரவில் ஒருவர் போய், காலையில் மூவராக எழுந்து, மூன்றில் ஒன்று என்ற வாய்ப்பைப் பெறுகிறார்கள். ஐந்து பேரானால் வெளியேற்றுவதே நல்லது. வாய்ப்பு 15-இல் 7. ஆறு பேரானால் மறுபடியும் ஒரு நாளைக் கடத்துவது மேல், ஏனென்றால் ஐவராக எழுந்து அதே 15-இல் 7-ஐப் பெறலாம். வாக்களித்தால் கிடைப்பது 9-இல் 4, அது சற்றே குறைவு. இரட்டைப்படை எண்ணிக்கையில் ஊர் பொறுத்திருக்கலாம், ஒற்றைப்படையில் பொறுத்திருக்கக் கூடாது. எங்களைப் போல் பத்துப் பேரோடு தொடங்கினால், டாக்டர் ஒருவரைக் காப்பாற்றிவிட்ட ஆட்டங்களிலோ ஒரு நாளைக் கடத்திவிட்ட ஆட்டங்களிலோதான் பகலில் இரட்டைப்படை வருகிறது என்பதால், இது அடிக்கடி உதவும் கணக்கு இல்லை. ஆனால் நான் நியாயம் என்று நினைத்த பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டியது. தடயம் ஏதேனும் கையில் இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மார்க் பிரேவர்மன், ஓமித் எதெசாமி, எல்கனான் மொசெல் ஆகிய மூவர் 2008-இல் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கணித ஆய்வு எழுதியிருக்கிறார்கள். போலீஸ் இல்லாத ஆட்டத்தில், ஊரின் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு மாஃபியா இருந்தாலே இரு தரப்பும் சமபலம் ஆகிவிடுகின்றன. ஊர் பெரிதாகப் பெரிதாக, அதை வெல்லத் தேவைப்படும் மாஃபியாவின் விகிதம் சிறுத்துக்கொண்டே போகிறது. விவரம் தெரிந்த சிறு கூட்டத்தின் பலம் அவ்வளவு. ஒரே ஒரு போலீஸைச் சேர்த்ததும் நிலைமை தலைகீழாகி, ஊரில் ஒரு கணிசமான பங்கு மாஃபியாவாக இருந்தால்தான் அவர்களால் ஈடுகொடுக்க முடிகிறது. போலீஸ் இல்லாத ஆட்டத்தில் ஊருக்குச் சிறந்த வழி, யாரும் யாரையும் வற்புறுத்த முடியாதபடி குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது என்றும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு உத்திரமேரூர்தான் நினைவுக்கு வந்தது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடும்பு எனப்பட்ட ஊரின் 30 பகுதிகளிலிருந்து, ஊரை நிர்வகித்த வாரியங்களின் உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். யார் யாருக்கு வேண்டியவர் என்பதை அறியாத கை, செல்வாக்கால் வளைக்க முடியாத கை. விவரம் தெரிந்த சிலர் தங்களுக்குள் கூடிப் பேசி முடிவை நகர்த்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கையை அந்த ஏற்பாட்டில் தெளிவாகக் காண முடிகிறது. மாஃபியா ஆட்டத்தில் ஒரு நாட்காட்டித் தாளை எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புவதும் அந்த எச்சரிக்கையின் வழிவந்ததே. தாளை எழுதும்போது மாஃபியா இருவருக்கும் மற்றவர் என்ன எழுதப்போகிறார் என்பது தெரியாது. பெயரைக் கண்ணால் காட்டிக்கொள்ள இரவில் மட்டுமே முடியும். கை தூக்கும் முறையில் அவர்களுக்கு இருந்த கூட்டு பலம் பாதிக்கு மேல் இதிலேயே உதிர்ந்துவிடுகிறது.

சமநிலை வந்தால்

பெரியப்பாவுக்கு இந்த முறையில் வருத்தம் உண்டு. அது நியாயமான வருத்தம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். கை தூக்கும் நேரத்தில் கடைசி நொடியில் ஒருவர் எழுந்து பேசிக் கூட்டத்தின் மனத்தைத் திருப்பும் சுவை தாள் முறையில் இல்லை என்கிறார். உண்மைதான். பிளட் ஆன் த கிளாக்டவர் என்ற புதிய ஆட்டத்தில் வட்டமாகச் சுற்றி ஒவ்வொருவர் வாக்காக எண்ணுகிறார்கள், செத்தவர்களுக்கும் கடைசியாக ஒரு வாக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். அங்கே வரிசைதான் சுவையே. ஆனால் அங்கே ஆடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லத் தயங்காதவர்களாக இருக்க வேண்டும். மாமா, அத்தை, மாமனார், மருமகள் என்று உறவுகள் கூடிய கூடத்தில் வரிசை என்றாலே மூப்பு வரிசைதான். பேச்சுக்கு இருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்கலாம், வாக்கை மட்டும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாதி சம்மதம்.

இன்னும் தீராமல் இருப்பது, இருவருக்குச் சம வாக்கு விழுந்தால் என்ன செய்வது என்பது. தாள் முறையில் வாக்குகள் சிதறுவதால் இது முன்பைவிட அடிக்கடி வருகிறது. அமாங் அஸ் ஆட்டத்தில் சமநிலை என்றால் யாரும் வெளியேறுவதில்லை. பெரியப்பா, இருவரையும் பேசவிட்டு அந்த இருவருக்குள் மறுவாக்கு வேண்டும் என்கிறார். மகள், அந்த இரண்டு பெயர்களை மட்டும் மடித்துப் போட்டு, ஆட்டத்தில் இல்லாத சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும் என்கிறாள். மறுவாக்கில் மாஃபியாவுக்குத் தங்கள் வாக்கை எங்கே போடுவது என்று தெரிந்துவிடும்; இரண்டே பெயர் இருக்கும்போது கண்ணால் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. யாரும் வெளியேறாமல் விட்டால், ஐந்து பேர் இருக்கும் நாளில் ஊருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வாய்ப்பு வீணாகிறது. ஆகவே ஒற்றைப்படையில் சமநிலை வந்தால் மகள் சொல்வதுபோல் சீட்டு எடுப்பதும், இரட்டைப்படையில் வந்தால் அந்த நாளை விட்டுவிடுவதும்தான் சரி என்பது என் கட்சி. தம்பி மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. இரட்டைப்படையாக இருந்தாலும் சமமாக வாக்கு விழுந்திருக்கிறது என்றால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்று பொருள், அப்படிப் பிரிந்து நிற்கும் நாளில்தான் தாள்களில் அதிகத் தடயம் இருக்கும், அந்த நாளை விட்டுவிடக் கூடாது என்று வாதாடுகிறாள். இந்த மே மாதம் அவளுடைய விதிப்படி முதலில் ஆடிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது.